போர்ட் வெல்ட் முதல் கோலா செப்பெத்தாங் வரை

பேராக் மாநிலத்தின் வடமேற்குக் கரையில், தைப்பிங் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தில் கோலா செப்பெத்தாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்குள், கடைகளுக்கு அருகில், பழைய இரயில் நிலையப் பெயர்ப்பலகை ஒன்று நிற்கிறது. ‘போர்ட் வெல்ட்’ என்ற பெயர் அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டுள்ளது. பயணச்சீட்டு விற்ற சிறு கூண்டும் எஞ்சியிருக்கிறது. தண்டவாளம் இல்லை. ஊருக்கு முதன்முதலாக வருபவர்களுக்கு, இங்கே எதற்காக இரயில் வந்தது என்பதே புரியாது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆறும் சேறும் சதுப்புநிலக் காடும்தான் தெரிகின்றன. ஆனால், மலாயாவின் முதல் இரயில் பாதை வந்து முடிந்த இடம் இதுதான்.

அந்தப் பாதையை இங்கே கொண்டுவந்தது ஈயம். 1840களில் லாரூட் பகுதியில் ஈயம் இருப்பதை லோங் ஜாபார் என்பவர் அறிந்தார். அவருடைய யானை காட்டுக்குள் தொலைந்துபோய், மீண்டும் கிடைத்தபோது அதன் கால்களில் ஈய மணல் ஒட்டியிருந்ததாக ஒரு கதை வழங்குகிறது. அந்த யானையின் பெயர்தான் லாரூட் என்றும் சொல்வார்கள். கதை எப்படி இருந்தாலும், ஈயம் இருந்தது உண்மை. லோங் ஜாபாரும், அவருக்குப் பின் அவருடைய மகன் ஙா இப்ராஹிமும் சீனத் தொழிலாளர்களைக் கொண்டு சுரங்கங்களைத் திறந்தார்கள். செல்வம் பெருகிய இடத்தில் சண்டையும் பெருகியது. கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனக் குழுக்கள் 1861 முதல் சுரங்க நிலத்துக்காகவும் நீருக்காகவும் மோதிக்கொண்டன. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையோடு அந்தப் போர்கள் ஓய்ந்தன. பேராக்கின் ஆட்சியில் பிரிட்டிஷாரின் கை நுழைந்ததும் அந்த உடன்படிக்கையின் வழியேதான். சண்டை ஓய்ந்த சுரங்க நகருக்குத் ‘தைப்பிங்’ என்று பெயர் வந்தது. சீன மொழியில் அது பேரமைதியைக் குறிக்கும் சொல்.

அமைதி வந்ததும் சுரங்க முதலாளிகளுக்கும் ஆட்சியாளர்களுக்கும் எஞ்சிய பெரிய சிக்கல் போக்குவரத்துதான். ஈயம் கனமான பொருள். தைப்பிங்கிலோ மழைக்குக் குறைவே இல்லை. மலேசியாவில் மிகுதியாக மழை பெய்யும் நகரங்களுள் அதுவும் ஒன்று. சேறாகிவிடும் பாதையில் மாட்டு வண்டிகளும் யானைகளும் ஈயக் கட்டிகளைச் சுமந்து ஆற்றுத் துறைக்குச் செல்லவேண்டியிருந்தது. பழைய துறையான மாத்தாங், ஆற்றின் உட்பகுதியில் இருந்தது. பெரிய நீராவிக் கப்பல்கள் அங்கே எளிதில் நுழைய முடியாது. ஆகவே, கடலுக்கு இன்னும் நெருக்கமாக, செப்பெத்தாங் ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் அமைக்கப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரெடரிக் வெல்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சுரங்க நகரையும் துறைமுகத்தையும் இணைக்க இரயில் பாதை போடும் பணி, ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தபோது நடந்தது.

பாதையின் நீளம் 8 மைல்தான். ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இன்று காரில் சென்றால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால், அதன் ஒரு பகுதி, காலை வைத்தால் முழங்கால்வரை புதையும் சதுப்பு நிலத்தின்மீது போடப்பட்டது. அந்த வேலைக்காக இலங்கையிலிருந்து பயோனியர் படையின் இரண்டு பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். சாலை போடுவதிலும் மண் வெட்டிக் கரை எழுப்புவதிலும் பழகிய தொழிலாளர் படை அது. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி பாதை திறக்கப்பட்டது. அதன்பின் மலாயா முழுவதும் இரயில் பாதைகள் விரிந்தபோது, தண்டவாளம் போட்டுப் பராமரிக்கும் வேலையில் தென்னிந்தியத் தமிழர்கள் பெருமளவில் ஈடுபட்டார்கள். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் பணியாற்றினார்கள். நிலையப் பெயர்ப்பலகைகளில் தமிழ் இடம்பெற்றது இந்தப் பின்னணியில்தான். அந்தப் பலகையைப் படித்தவர்களில் பயணிகள் மட்டுமல்லாமல், அந்தப் பாதையில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள்.

தைப்பிங்கில் ஏற்றப்பட்ட ஈயம் போர்ட் வெல்டில் இறக்கப்பட்டு, கப்பலில் பினாங்குக்குச் சென்றது. அதே கப்பல்கள் திரும்பும்போது அரிசி, துணி, இயந்திரம், புதிய தொழிலாளர்கள் என எல்லாவற்றையும் கொண்டுவந்தன. பேராக்குக்குள் நுழையும் முதன்மையான வாசல்களுள் ஒன்றாகச் சில காலம் இந்த ஊர் விளங்கியது.

அந்தச் ‘சில காலம்’ மிகவும் குறுகியது. பாதை திறக்கப்பட்டு ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், ஈயத் தொழிலின் மையம் லாரூட்டிலிருந்து கிந்தா பள்ளத்தாக்கிற்கு நகரத் தொடங்கியது. ஈப்போ வளர்ந்தது. கிந்தாவின் ஈயத்திற்குத் தெலுக் அன்சோன் துறைமுகம் அருகில் இருந்தது. இன்றைய தெலுக் இந்தான் அதுதான். அடுத்த அடி, இரயிலிடமிருந்தே வந்தது. 1903ஆம் ஆண்டுக்குள் பிறையிலிருந்து தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் வழியாகச் சிரம்பான்வரை ஒரே தொடர்ப் பாதை உருவாகிவிட்டது. பிறையிலிருந்து கடலைக் கடந்தால் பினாங்கு. தைப்பிங்கின் சரக்கு நேராக இரயிலிலேயே வடக்கே போக முடியும் என்றால், சேறு படியும் ஒரு சிறு ஆற்றுத் துறையில் இறக்கி ஏற்ற வேண்டிய தேவை என்ன? போர்ட் வெல்டை உருவாக்கிய இரயிலே அதன் முக்கியத்துவத்தையும் பறித்துக்கொண்டது. மலாயாவின் முதல் இரயில் பாதை ஒரு கிளைப் பாதையாகச் சுருங்கியது. காலப்போக்கில் தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது.

ஈயத்தை மட்டும் நம்பிய ஊராக இருந்திருந்தால், கோலா செப்பெத்தாங்கின் கதை இங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. ஊரைச் சுற்றியிருந்த, யாரும் பெரிதாக மதிக்காத சேற்றுக்காடு அதைக் காப்பாற்றியது.

அந்தக் காட்டில் மிகுதியாக வளர்வது மலாய் மொழியில் ‘பாக்காவ்’ எனப்படும் மரம். அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும் வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு அது நிற்கும். அதன் விதை தரையில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது. முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும் அந்த முளை, முற்றியதும் கீழே விழும். நீர் வற்றிய வேளையில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். ஏற்ற நீரில் விழுந்தால் மிதந்து சென்று வேறோர் இடத்தில் வேர்விடும். கட்டை கனமானது, நின்று எரியக்கூடியது. சுரங்கங்களின் நீராவி இயந்திரங்களுக்கும், அக்கால இரயில் எஞ்சின்களுக்கும், வீட்டு அடுப்புகளுக்கும் இந்த விறகு தேவைப்பட்டது. இப்படியே ஆளாளுக்கு வெட்டிக்கொண்டே போனால் காடு சில ஆண்டுகளில் காணாமற்போய்விடும் என்பதை உணர்ந்த வனத்துறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாத்தாங் சதுப்புநிலக் காட்டை ஒதுக்கப்பட்ட காடாக்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று அதன் பரப்பு 40,000 ஹெக்டேருக்கும் அதிகம். திட்டமிட்டு மிக நீண்ட காலமாகப் பராமரிக்கப்பட்டுவரும் சதுப்புநிலக் காடுகளுள் ஒன்றாக இதை உலக நாடுகளின் வனவியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்தப் பராமரிப்பு முறை கவனித்துப் பார்க்கத் தக்கது. காடு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு துண்டில் மரங்களை வெட்டினால், அதே இடத்தில் மீண்டும் வெட்டுவதற்கு 30 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். வெட்டிய இடத்தில் கன்றுகள் தாமாக முளைத்தால் நல்லது. போதிய அளவு முளைக்காத இடங்களில் ஆட்கள் சேற்றில் இறங்கி நடுவார்கள். நட்ட கன்றுகளைக் குரங்குகள் பிடுங்கிவிடுவதும் உண்டு; அப்போது மறுபடியும் நடவேண்டியதுதான். மரங்களுக்கு 15 வயதானதும் முதற்களைப்பு நடக்கும். தொழிலாளி ஒருவர் ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளக் கழி ஒன்றை வைத்துக்கொண்டு, நேராக வளர்ந்த நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைச் சுற்றிலும் அந்தக் கழி எட்டும் தூரத்திற்குள் இருக்கும் மற்ற மரங்களை வெட்டிவிடுவார். 20 வயதில் மீண்டும் ஒருமுறை, இப்போது 1.8 மீட்டர் கழியோடு. வெட்டப்பட்ட இளமரங்கள் கட்டுமானத்திற்கான கம்பங்களாக விற்கப்படும். மிஞ்சிய மரங்கள் வெளிச்சமும் இடமும் பெற்றுத் தடித்து வளரும். கணினியோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல், ஒரு கழியைக் கொண்டு ஒரு காட்டையே அளந்துவிட்டார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய மரங்களை மட்டும் வெட்டுவதில்லை. கரை சரியாமல் தாங்குபவை அவை.

முப்பது ஆண்டு வளர்ந்த மரங்கள் செல்லும் இடம் கரிச் சூளை. வெட்டப்பட்ட கட்டைகள் படகில் ஏற்றப்பட்டு, ஏற்ற நீரின்போது வாய்க்கால் வழியாகச் சூளையின் வாசலுக்கே வந்துசேரும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகு நகராது. ஆகவே, இங்கே வேலை நேரத்தை முடிவுசெய்வதில் கடிகாரத்தைவிடக் கடலுக்குப் பங்கு அதிகம்.

சூளைகள் செங்கல்லாலும் களிமண்ணாலும் கட்டப்பட்டவை. கவிழ்த்துவைத்த பெரிய பானையைப்போல் உருண்டையாக இருக்கும். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 7 மீட்டர். நீண்ட கொட்டகைக்குள் அவை வரிசையாக நிற்கின்றன. கட்டைகளின் பட்டையை அடித்து உரித்து, ஓர் ஆள் உயரத்திற்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக அவற்றைச் சூளைக்குள் நிமிர்த்தி அடுக்குவார்கள். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு சிறு கல் வைக்கப்படும். கட்டை தரையைத் தொட்டால் அடிப்பகுதி சரியாகக் கரியாகாது. ஒரு சூளை ஏறத்தாழ 40 டன் கட்டையைக் கொள்ளும்.

கரி செய்வது கட்டையை எரிப்பதன்று. எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். தீ சூளையின் வாயில் மட்டுமே மூட்டப்படுகிறது; உள்ளே செல்வது வெப்பம். முதல் 10 நாட்கள் அளவில் தீ பெரிதாக எரியும். அந்த வெப்பத்தில் கட்டையிலுள்ள நீர் ஆவியாகிப் புகைத்துளைகள் வழியே வெளியேறும். பிறகு வாயைக் களிமண்ணால் பெரும்பாலும் அடைத்துவிட்டு, சிறு தீயில் மேலும் 12 முதல் 14 நாட்கள். அதன்பின் எல்லாத் துளைகளையும் முழுமையாக மூடிவிடுவார்கள். காற்றில்லாமல் தீ அணையும். சூளை ஆற இன்னும் ஒரு வாரத்திற்கு மேலாகும். அவசரப்பட்டு முன்கூட்டியே திறந்தால், காற்று பட்டுக் கரி முழுவதும் தீப்பற்றிவிடும். ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது 40 டன் கட்டை ஏறத்தாழ 10 டன் கரியாகச் சுருங்கியிருக்கும். ஆனால், அடுக்கியபோது நின்றதுபோலவே கட்டைகள் அப்படியே நிமிர்ந்து நிற்கும். நல்ல கரியைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும்.

பெரிய தீயை எப்போது நிறுத்துவது, வாயை எப்போது அடைப்பது என்பதைச் சொல்லும் கருவி எதுவும் சூளையின்மேல் இல்லை. சூளைக்காரர் புகைத்துளைக்கு மேலே கையை நீட்டிப் பார்க்கிறார். புகை ஈரமாக இருக்கிறதா, உலர்ந்துவிட்டதா, எவ்வளவு சூடு, என்ன மணம் என்பவற்றை வைத்து முடிவு செய்கிறார். ஓரிரு நாள் பிசகினாலும் ஒரு மாத உழைப்பும் 30 ஆண்டு வளர்ந்த மரங்களும் வீண். இந்த அறிவு எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை. மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று பெற்றது.

அந்தப் பக்கத்தில் நிற்பதற்கு இன்று இளைஞர்கள் குறைவு. கொட்டகைக்குள் புகையும் வெப்பமும் ஓய்வதில்லை. கட்டைகளைத் தோளில் தூக்கவேண்டும். தைப்பிங்கிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் குளிரூட்டிய அறையில் வேலை கிடைக்கும்போது, பிள்ளைகள் சூளைக்கு வராததைக் குறை சொல்ல முடியாது. பெற்றோர் பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் உள்நாட்டு வீடுகளில் கரிக்குத் தேவை குறைந்துவிட்டது. ஒரு காலத்தில் அடுப்புக்கும் துணி தேய்க்கும் இரும்புப் பெட்டிக்கும் கரி வாங்காத வீடு அரிது. இப்போது சாத்தே கடைகளும் வெளிநாட்டுச் சந்தையும்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். கோலா செப்பெத்தாங் கரியில் பெரும் பங்கு ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது. புகையைக் குளிரவைத்துச் சேர்க்கும் மர வினாகிரியையும் சூளைகளில் விற்கிறார்கள். பூச்சிகளை விரட்ட அது பயன்படுகிறது.

காட்டைப் பற்றியும் கேள்விகள் இல்லாமல் இல்லை. சுழற்சிக்குச் சுழற்சி, ஒரே நிலத்திலிருந்து கிடைக்கும் மரத்தின் எடை குறைந்துவந்திருப்பதாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஒரே வகை மரமாக, ஒரே வயதில் வளர்க்கப்படும் காடு எல்லா உயிர்களுக்கும் ஏற்றதன்று. வயது முதிர்ந்த பெரிய மரங்களை நாடும் பறவைகளுக்கு அங்கே இடம் குறைவு. இதற்காகவே சில பகுதிகள் வெட்டப்படாமல் காக்கப்படுகின்றன. மாத்தாங் முறை குறையில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால், நாட்டின் பல பகுதிகளில் சதுப்புநிலக் காடுகள் இறால் பண்ணைகளுக்காகவும் கட்டடங்களுக்காகவும் ஒரேயடியாக அழிக்கப்பட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டப்பட்டும் இன்னும் காடாகவே நிற்கும் காடு இது.

காடு நிற்பதால் பிழைப்பவர்கள் சூளைக்காரர்கள் மட்டுமல்லர். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் பாக்காவ் வேர்களுக்கு இடையில்தான் பெரிய மீன்களிடமிருந்து தப்பி வளர்கின்றன. ஆற்றின் இருபுறமும் மரக்கால்களின்மீது நிற்கும் வீடுகளும், அவற்றின் பின்கட்டில் கட்டப்பட்டிருக்கும் படகுகளும் அந்த மீன்வளத்தை நம்பியவை. ஆற்றின் முகப்பில், படகில் மட்டுமே செல்லக்கூடிய கோலா சங்கா என்னும் சீன மீனவக் கிராமம் ஒன்றும் உள்ளது. அங்கே வலைக்கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். கடலோரச் சேற்றுத் திட்டுகளில் கெராங் எனப்படும் மட்டி வளர்க்கப்படுகிறது. ஊருக்குள் வந்தால் இறால் மீக்குப் பெயர்போன கடைகள். விடுமுறை நாட்களில் அந்தக் கடைகளில் இடம் கிடைப்பது கடினம்.

வருபவர்கள் இப்போது சாப்பாட்டோடு நிற்பதில்லை. பகலில் கழுகுகளைப் பார்க்கவும், சூளைகளைச் சுற்றிப் பார்க்கவும் செல்கிறார்கள். வனத்துறை அமைத்துள்ள மரப்பாதையில் காட்டுக்குள் நடக்கிறார்கள். இருட்டியதும் படகேறி மின்மினிகளைக் காணப் போகிறார்கள். உப்பு குறைந்த நீரோரத்தில் வளரும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுங்கும். படகோட்டி அந்த மரங்களுக்கு அருகில் வந்ததும் விளக்கையும் இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார். வெளிச்சம் பட்டால் அவற்றின் தாளம் குலைந்துவிடும்.

சுற்றுலா வருமானம் ஊருக்குத் தேவைதான். சூளைக்கு வரும் பயணிகளின் கட்டணத்தால் ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பார்ப்பதற்காக மட்டும் ஒரு சூளையை எரியவைப்பதும், விற்பதற்காக முப்பது சூளைகளை எரியவைப்பதும் ஒன்றல்ல. இவ்வாண்டு மாத்தாங் காட்டில் நடப்படும் கன்றுகள் வெட்டும் பருவத்தை எட்டும்போது, இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மாணவர்களுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அந்தக் கட்டைகளை அடுக்க, புகையில் கை நீட்டிப் பார்க்க, அப்போது யார் இருப்பார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. கன்று நடும் வேலை மட்டும் வழக்கம்போல் நீர் வற்றும் நேரம் பார்த்து நடந்துகொண்டிருக்கிறது.